தாசில்தாரைப் பார்க்கவும்

என் சித்தி பையன் அப்போது உணவு டெலிவரி வேலையில் இருந்தான். ஒரு நாள் ராத்திரி வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆர்.சி. புக்கைத் தேடி எடுக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. காவலர் ஒருவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். வண்டியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் அபராதம் கட்டி வண்டியை எடுத்துவிட்டான். அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று சித்தி போன் செய்தாள்.

நான் ஊருக்குப் போனபோது அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அண்ணே, தப்பு பண்ணா ஃபைன் போடட்டும். எதுக்கு அடிக்கணும்?"

படித்தவன் என்கிற தைரியத்தில் நானே உட்கார்ந்து மனு எழுதினேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று கொடுத்தோம். முத்திரை குத்திய ரசீது கிடைத்தது. மூன்று வாரம் கழித்து அவனுக்குப் போன் வந்தது, அதே ஸ்டேஷனிலிருந்து. "நீங்க குடுத்த மனு விசாரணைக்கு இங்கதான் வந்திருக்கு. வந்து ஒரு ஸ்டேட்மெண்ட் குடுத்துட்டுப் போங்க."

போனோம். ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார், டீ கூட வாங்கித் தந்தார். அடித்த காவலர் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஸ்டேட்மெண்ட் முன்பே தயாராக இருந்தது. தவறான புரிதலால் மனு கொடுத்துவிட்டதாகவும், மேல் நடவடிக்கை வேண்டாம் என்றும் அதில் இருந்தது. தம்பி என்னைப் பார்த்தான். தினமும் ராத்திரி அதே ரோட்டில்தான் வண்டி ஓட்டியாக வேண்டும். நான் தலையாட்டினேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

காத்திருந்த நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டேஷனில் பணியாற்றிய இன்ஸ்பெக்டர்களின் பெயர்கள், வந்த தேதி, போன தேதி. கடைசி ஐந்து வருடத்தில் மட்டும் ஒன்பது பேர். ஒருவர் 43 நாள்தான் இருந்திருக்கிறார். "ஏன் சார் இத்தனை பேர்?" என்று ரைட்டரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "மேல மாறுனா கீழயும் மாறும் தம்பி."

சுற்றி வந்த மனுவும் சுவரில் இருந்த பலகையும் வேறு வேறு விஷயம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அப்புறம் வரலாற்றைப் படிக்கப் படிக்க அப்படி இல்லை என்று தெரிந்தது. இரண்டுக்கும் பின்னால் கிட்டத்தட்ட 170 வருடக் கதை இருக்கிறது. அது தொடங்கியதும் நம் மாகாணத்தில்தான்.

*

1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க விவசாயிகளைச் சித்திரவதை செய்கிறார்களா என்பதுதான் அது. கம்பெனி ஆதரவாளர்கள் மறுத்தார்கள். விசாரிக்க மூன்று பேர் கொண்ட ஆணையம் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற அந்த மூவரும் 1855இல் அறிக்கை கொடுத்தார்கள். மாகாணம் முழுக்க அறிவிப்புக் கொடுத்த சில மாதங்களிலேயே ஏறக்குறைய 2,000 புகார்கள் குவிந்திருந்தன. பலர் நூற்றுக்கணக்கான மைல் நடந்து சென்னைக்கு வந்திருந்தார்கள்.

அறிக்கையில் வரும் முறைகளைப் படிக்கத் தெம்பு வேண்டும். கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிக்கும் கிட்டி, தலையைக் கால் கட்டைவிரலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது என்று பட்டியல் நீள்கிறது. சில ஆண்டுகள் கழித்து லண்டனிலிருந்த கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை வைத்து நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார்.

ஆனால் விசாரித்தவர்களை அதிகம் வருத்தியது சித்திரவதை மட்டும் அல்ல. பாதிக்கப்பட்டவனுக்குப் பரிகாரம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் தங்களை எல்லாவற்றையும்விட வேதனைப்படுத்தியது என்று எழுதினார்கள். அதற்கு அவர்கள் சொன்ன விளக்கத்தைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவன் கலெக்டருக்குத் தபாலில் மனு அனுப்புகிறான். தாசில்தாரைப் பார்க்கவும் என்ற வழக்கமான குறிப்போடு அது திரும்பி வருகிறது. அந்தக் காலத்தில் தாசில்தார்தான் வரி வசூல் அதிகாரி, போலீஸ் அதிகாரியும் அவரே. அதாவது, யார்மீது புகாரோ அவரிடமே மனு போகிறது.

1855இல் எழுதியது. எங்கள் மனுவுக்கு நடந்ததும் அதேதான்.

ஆணையம் சொன்ன தீர்வு, வருவாய்த் துறையையும் போலீஸையும் பிரிப்பது. அதன்படி 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம், பெயரில் தமிழ்நாடு என்று மாற்றப்பட்டு, இன்றும் நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1857 கிளர்ச்சியைப் பார்த்துப் பயந்திருந்த பிரிட்டிஷார் 1861இல் இந்தியாவுக்கே பொதுவான காவல் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்மாதிரிகளில் ஒன்று அயர்லாந்தின் காவல்படை. மக்களுக்குச் சேவை செய்யும் படை என்பதைவிட, அடங்காத குடிமக்களை அடக்கிவைக்கும் படை. அயர்லாந்துக்குப் பின்னால் திரும்பி வருவோம்.

1861 சட்டத்தின் 3ஆவது பிரிவு காவல்துறையின் மேற்பார்வையை மாகாண அரசிடம் ஒப்படைத்தது. மேற்பார்வை என்றால் என்ன, எதுவரை என்று அதில் இல்லை. அதிகாரி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எழுதப்பட்டது. மக்கள் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது எழுதப்படவில்லை. 1855 அறிக்கையின் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள்.

*

1902இல் கர்சன் பிரபு நியமித்த ஃப்ரேசர் ஆணையம், போலீஸ் திறமையற்றது, ஊழல் நிறைந்தது, மக்களை ஒடுக்குவது என்று வெளிப்படையாகவே சொன்னது. வெள்ளைக்கார அரசே நியமித்த ஆணையம் சொன்னது இது. அப்புறமும் 1861 சட்டம் அப்படியே இருந்தது. சுதந்திரம் வந்த பிறகும் இருந்தது. புதிய ஆட்சியாளர்களுக்கும் அது வசதியாகவே இருந்திருக்க வேண்டும்.

எமர்ஜென்சிதான் முதல் அதிர்ச்சி. எதிர்க்கட்சித் தலைவர்களையும் மாணவர்களையும் கேள்வி கேட்காமல் சிறையில் அடைத்த போலீஸைப் பார்த்த பிறகு, ஜனதா அரசு 1977 நவம்பரில் தரம்வீரா தலைமையில் தேசியக் காவல் ஆணையத்தை அமைத்தது. அதன் உறுப்பினர்-செயலர் சி.வி. நரசிம்மன் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி. 1979க்கும் 1981க்கும் இடையில் எட்டு அறிக்கைகள் வந்தன. காவலில் நடக்கும் மரணத்துக்கும் பாலியல் வன்முறைக்கும் கட்டாய நீதி விசாரணை வேண்டும் என்பது முதல் அறிக்கையிலேயே இருந்தது. காவல்துறைத் தலைவருக்கு நிலையான பதவிக்காலம், அரசுக்கும் போலீஸுக்கும் நடுவில் ஒரு மாநிலப் பாதுகாப்பு ஆணையம், புதிய மாதிரிச் சட்டம் எல்லாம் பின்னால் வந்தன. 1980இல் இந்திரா காந்தி திரும்ப ஆட்சிக்கு வந்தார். அடுத்த வருடம் ஆணையம் மூடப்பட்டது. அறிக்கைகள் அலமாரிக்குப் போயின.

அதை அலமாரியிலிருந்து இறக்கியவர் பிரகாஷ் சிங். உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் டி.ஜி.பி.யாகவும், எல்லைப் பாதுகாப்புப் படையின் தலைவராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். 1996இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். பத்து வருடம் கழித்து, 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு உத்தரவுகள். நம் கதைக்கு இரண்டு முக்கியம்.

ஒன்று, பதவி பற்றியது. டி.ஜி.பி.யை முதல்வர் தன் விருப்பப்படி நியமிக்க முடியாது. மூத்த அதிகாரிகளில் மூவரை யு.பி.எஸ்.சி. பட்டியலிடும். அந்த மூவரில் ஒருவரை மாநில அரசு தேர்ந்தெடுக்கலாம். ஓய்வு வயது எப்படி இருந்தாலும் அவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் உண்டு. மாவட்ட எஸ்.பி.க்கும் ஸ்டேஷன் பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்கும்கூட இரண்டு ஆண்டு உண்டு. நான் பார்த்த பலகையில் 43 நாள் இருக்கவே கூடாது.

இன்னொன்று, புகார் பற்றியது. ஒவ்வொரு மாநிலத்திலும் மாவட்டத்திலும் காவல்துறைப் புகார் ஆணையம் வேண்டும். மாநில ஆணையத்துக்கு உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற ஓய்வு நீதிபதி தலைவர். மாவட்டத்தில் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். அரசு தனக்கு வேண்டியவரைப் போட முடியாதபடி, தலைமை நீதிபதி தரும் பெயர்ப்பட்டியலிலிருந்துதான் அவரை எடுக்க வேண்டும்.

முதல் உத்தரவு போலீஸை அரசியல்வாதியிடமிருந்து காப்பாற்ற. இரண்டாவது, மக்களைப் போலீஸிடமிருந்து காப்பாற்ற. ஒன்றில்லாமல் இன்னொன்று ஆபத்து. யாருக்கும் பயப்படத் தேவையில்லாத போலீஸைக் கேள்வி கேட்கவும் ஆள் இல்லையென்றால் என்ன ஆகும்? தீர்ப்பு இரண்டையும் சேர்த்தே கொடுத்தது. அதற்குப் பிறகான இருபது வருடத்தில் நாம் முதலாவதைப் பற்றி மட்டுமே சண்டை போட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

*

அந்தச் சண்டைகளின் கதை, நேர்மையாகச் சொன்னால், நல்ல சுவாரசியமானது.

2016இல் கேரளத்தில் ஆட்சி மாறியதும் டி.ஜி.பி. செங்குமார் மாற்றப்பட்டார். புட்டிங்கல் கோயில் வெடி விபத்தையும் ஜிஷா கொலை வழக்கையும் சரியாகக் கையாளவில்லை, மக்கள் அதிருப்தியில் இருக்கிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 ஏப்ரலில் அவரைத் திரும்பப் பதவியில் அமர்த்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. மே மாதம் பொறுப்பேற்று ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றார். வழக்கை வென்று கிடைத்தது இரண்டு மாதத்துக்கும் குறைவான நாற்காலி.

அதே 2017 ஜூன் 30 அன்று தமிழ்நாட்டில் வேறொன்று நடந்தது. அன்றைக்கு ஓய்வு பெற வேண்டிய டி.கே. ராஜேந்திரன், அன்றைக்கே இரண்டு ஆண்டுக்கு டி.ஜி.பி.யாக நியமிக்கப்பட்டார். ஓய்வு வயதைப் பார்க்காமல் இரண்டு வருடம் என்று தீர்ப்பு சொன்னது, அரசு அதிகாரியைப் பாதியில் தூக்காமல் இருப்பதற்காக. அதே வரியைக் கடைசி நாள் நியமனத்துக்கும் பயன்படுத்த முடிந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம், பட்டியலில் வருபவருக்கு ஓய்வுக்குக் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. எங்கள் பாஷையில் இதை பேட்ச் என்போம். ஓட்டை தெரிந்த பிறகு போடும் ஒட்டு.

அதற்கு முன்பே, 2018 ஜூலையில் இன்னொரு ஒட்டு. பொறுப்பு டி.ஜி.பி. என்று யாரையும் நியமிக்கவே கூடாது, ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பே பெயர்களை யு.பி.எஸ்.சி.க்கு அனுப்ப வேண்டும் என்றது நீதிமன்றம். பொறுப்பு என்ற சொல்லில் விஷயம் இருக்கிறது. பொறுப்பில் இருப்பவருக்கு இரண்டு வருட உத்தரவாதம் கிடையாது, நாளைக்கே மாற்றலாம். ஆனாலும் உத்தரப் பிரதேசத்தில் 2022 முதல் தொடர்ச்சியாகப் பொறுப்பு டி.ஜி.பி.க்கள் வந்தார்கள். 2023இல் பஞ்சாப் சட்டமன்றம் யு.பி.எஸ்.சி.யைத் தவிர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசம் தனக்கென்று விதிகளை வகுத்தது. 2025 ஆகஸ்ட் 31 அன்று தமிழ்நாட்டில் சங்கர் ஜிவால் ஓய்வு பெற்றபோது வெங்கட்ராமன் பொறுப்பு டி.ஜி.பி.யாக நியமிக்கப்பட்டார். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், பெயர்களை விரைந்து பரிசீலிக்கும்படி யு.பி.எஸ்.சி.க்குச் சொல்லப்பட்டது. பாருங்கள், இந்தப் பட்டியலில் இடதுசாரி, அ.தி.மு.க., ஆம் ஆத்மி, பா.ஜ.க., தி.மு.க. எல்லாரும் இருக்கிறார்கள். கொள்கையில் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒரு பேனாவை விட்டுக்கொடுக்காமல் இருப்பதில் ஒத்துப்போகிறார்கள்.

மாநிலங்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அரசியலமைப்பின்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் ஒழுங்கு கெட்டால் மக்கள் முதல்வரைத்தான் கேட்பார்கள், யு.பி.எஸ்.சி. தலைவரை இல்லை. அந்தத் தேர்வுக் குழுவில் மத்திய உள்துறைச் செயலரும், மத்திய படை ஒன்றின் தலைவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். டெல்லியை எதிர்த்து நிற்கும் ஒரு மாநில அரசு இதைச் சந்தேகமாகப் பார்ப்பது இயல்புதான். ஓட்டு வாங்கி வந்தவரிடமிருந்து அதிகாரத்தை எடுத்து ஓட்டு வாங்காதவரிடம் கொடுப்பது சீர்திருத்தமா என்ற கேள்விக்கு எளிமையான பதில் கிடையாது.

ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. நாற்காலிக்காகச் சண்டை போட ஆள் இருக்கிறது. பதவி போன அதிகாரிக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு. அரசுக்கும் உண்டு. எதிர்க்கட்சிக்கு அது செய்தி, டிவிக்கு விவாதம். புகார் ஆணையத்துக்காகச் சண்டை போட யார் இருக்கிறார்கள்? அது வந்தால் அரசுக்கும் நஷ்டம், போலீஸுக்கும் நஷ்டம். லாபம் என் தம்பி மாதிரி ஆட்களுக்கு மட்டும்தான். அவனுக்கு அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதே தெரியாது.

*

தமிழ்நாடு என்ன செய்தது? தீர்ப்பு வந்து ஏழு வருடம் கழித்து, 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் புகார் ஆணையம் உண்டு. மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர். உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும். மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர். உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும்.

ஓய்வு பெற்ற நீதிபதி எங்கே? காணோம். போலீஸ்மீது புகார் கொடுத்தால் அதை விசாரிக்கும் மேஜையில் போலீஸ் அதிகாரிகளே உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஆபீஸில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. தான் எழுதிய கோடைத் தானே அப்ரூவ் செய்ய முடியாது. பில்லிங் பக்கத்தில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றுவதற்கே இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஒருவன் கெட்டவன் என்பதற்காக வைத்த விதி இல்லை அது. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக வைத்தது.

ஒரு தீர்ப்பை மறுத்தால் அது செய்தியாகிறது. கீழ்ப்படிந்த மாதிரி காட்டிக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றினால் யாரும் கவனிப்பதில்லை. ஆணையம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது. 1855இன் தாசில்தார் அளவுக்கு இருக்கிறது.

*

இப்போது அயர்லாந்து. நம் போலீஸுக்கு முன்மாதிரியாக இருந்த அந்தப் படை 1922இல் கலைக்கப்பட்டது. வட அயர்லாந்தில் அதன் வாரிசாக வந்த படையில் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள். கத்தோலிக்கர்கள் அதைத் தங்கள் போலீஸாகப் பார்க்கவே இல்லை. முப்பது வருட ரத்தக்களரிக்குப் பிறகு 1998இல் அமைதி ஒப்பந்தம் வந்தது. அடுத்த ஆண்டு கிறிஸ் பேட்டன் தலைமையிலான ஆணையம் படையை அடியோடு மாற்றச் சொன்னது. 2001இல் பெயரே மாறியது.

அங்கே இரண்டு காரியத்தையும் சேர்த்துச் செய்தார்கள். தலைமைக் காவலரை நியமிக்க 19 பேர் கொண்ட வாரியம் அமைந்தது. பத்துப் பேர் எதிரெதிர்க் கட்சிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள், ஒன்பது பேர் கட்சி சாராதவர்கள். அமைச்சரின் ஒப்புதலும் வேண்டும், ஆனால் அவர் மட்டும் தனியாக முடிவெடுக்க முடியாது. ஓட்டு வாங்கியவரா வாங்காதவரா என்ற நம் குழப்பத்துக்கு அது ஒரு பதில். அதிகாரத்தை மக்கள் பிரதிநிதிகளிடமே விட்டார்கள், ஆனால் ஒரே கட்சியிடம் விடவில்லை. புகார்களுக்கென்று போலீஸிலிருந்து முற்றிலும் தனியான குறைகேள் அதிகாரி 2000இல் வந்தார். அவருக்குச் சொந்தமாகப் புலனாய்வாளர்கள் உண்டு.

அந்தப் பதவியில் முதலில் இருந்தவர் நூலா ஓ'லோன். 1998இல் ஓமா நகரில் 29 பேரைக் கொன்ற குண்டுவெடிப்புக்கு முன்னால் வந்த எச்சரிக்கைகளைப் போலீஸ் எப்படிக் கையாண்டது என்று விசாரித்தார். தலைமைக் காவலரின் தலைமைத்துவத்தையே குறைசொல்லி 2001 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டார். தலைமைக் காவலர் கொதித்தார், அறிக்கையை ஏற்கவே மாட்டேன் என்றார். ஆனால் அதை நிறுத்த அவரால் முடியவில்லை. அவர் அந்த மேஜையில் உறுப்பினர் இல்லை.

அங்கேயும் எல்லாம் சுபம் என்று இல்லை. சின் ஃபெயின் கட்சி வாரியத்தில் உட்காரவே 2007 ஆனது. 2023இல் ஒரு தலைமைக் காவலர் சர்ச்சைகளுக்கு நடுவே ராஜினாமா செய்தார். சண்டைகள் தொடர்கின்றன. ஆனால் ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டில் ஒன்று, யார்மீது புகாரோ அவரிடமே மனுவை அனுப்பும் பழக்கத்தை விட்டுவிட்டது.

*

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்த விவகாரத்தில் கைதான தந்தையும் மகனும் காவலில் அடி வாங்கி அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கே அந்த ஸ்டேஷனில் ஒத்துழைப்பு இல்லை. தடயங்கள் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்பாடு செய்தது. இந்தச் செய்தியைப் படித்தபோது 1855 எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு திரும்பப் படித்தேன். வருவாய்த் துறைக்காரர் கையிலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் போலீஸைத் தனியாகப் பிரித்தார்கள். 165 வருடம் கழித்து, ஒரு ஸ்டேஷனைப் போலீஸிடமிருந்து காப்பாற்ற வருவாய்த் துறைக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. நடுவில் நியாயமாக உட்கார்ந்திருக்க வேண்டிய மூன்றாவது ஆளை நாம் உருவாக்கவே இல்லை.

அங்கே உண்மையைச் சொன்னது ஒரு பெண் தலைமைக் காவலர். அவருடைய தைரியம் பெரியது. ஆனால் ஒரு தனி மனுஷியின் தைரியத்தை நம்பித்தான் நியாயம் கிடைக்கும் என்றால், அதை அமைப்பு என்று எப்படிச் சொல்வது?

அடுத்த முறை டி.ஜி.பி. நியமனச் சர்ச்சை செய்தியில் வரும்போது, யார் வரப்போகிறார் என்பதோடு இன்னொன்றையும் கேட்கலாம். அவருக்குக் கீழே இருப்பவர் அடித்தால் மனு எந்த மேஜைக்குப் போகும்?

தம்பி இப்போது ஒரு குடோனில் சூப்பர்வைசர். இதை எழுதி முடித்ததும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு நீ தலையாட்டாம இருந்திருந்தா, அந்த மனுவை வேற எங்கண்ணே குடுத்திருப்போம்?" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். சட்டப்படி மாவட்டப் புகார் ஆணையத்துக்குப் போயிருக்கலாம். அதாவது கலெக்டரிடம், எஸ்.பி.யிடம். அவர்களிடம்தான் முதலிலேயே கொடுத்திருந்தோம்.